பட்டா மாத்தாம குடிபோன விளையாட்டு

வாலே பேராண்டி, வா. கையில என்னது பளபளன்னு? வெளிய சொருகுற எஸ்.எஸ்.டி.யா? ரெண்டு டெராபைட்டா? அலுமினியப் பொட்டி, சூடு தணிய குட்டி விசிறி, ஓரத்துல கலர் கலரா மினுக்குற லைட்டு. விநாடிக்கு ஆயிரம் எம்.பி. பாயும்னு அட்டையில போட்டிருக்கானா? நல்லாத்தாம்லே இருக்கு. உள்ள என்ன வைக்கப் போற?

வைஸ் சிட்டியா!

இரு, நான் கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன். 2003-ல கம்ப்யூட்டருக்கு வந்த விளையாட்டு அது. ரெண்டே ரெண்டு சிடி. அவன் கேட்ட இடம் 915 எம்.பி. ராம் 128 எம்.பி. இருந்தாப் போதும்னான். அதைக் குடிவைக்க ரெண்டு டெராபைட்டு! ரெண்டாயிரத்து நூத்துச் சொச்சம் வைஸ் சிட்டி உள்ள படுத்து உருளலாம். மிச்ச இடத்துல என்னலே செய்வ, நெல்லு காயப் போடுவியா?

மூஞ்சியத் தூக்காத. கணக்குப் பாப்போம், எனக்கும் கணக்கு கொஞ்சம் வரும். அந்தக் காலத்து விளையாட்டெல்லாம் யாரை நம்பிப் பொறந்துச்சு? சிடி டிரைவை நம்பி. சிடியோட அடிப்படை வேகம் விநாடிக்கு 150 கே.பி. 52 எக்ஸ்னு நெத்தியில எழுதி வித்தானே, அது முக்கி முனகி ஓடுனாலும் 7.8 எம்.பி.தான். அதுவும் தெருவுக்கே கேக்கச் சத்தம் போட்டுக்கிட்டு. உன் வீட்டு மேசை டிராயர்ல ஒயர் சிக்கலுக்குள்ள ஒரு பழைய யு.எஸ்.பி. 2.0 ஹார்டு டிஸ்க் கெடக்குமே, அதுவே விநாடிக்கு முப்பது எம்.பி. தரும். சாதாரண சுத்துற டிஸ்க்கை 3.0 போர்ட்டுல சொருகுனா நூறைத் தாண்டும். உனக்கு ஆயிரம் எதுக்கு? அம்புட்டு வேகத்துல எதை அனுப்புவ? கேக்காதவன் வாயில ஊட்டுனா இறங்குமாலே?

இன்னொண்ணும் சொல்லுதேன். பழைய விளையாட்டுக்கு வேகம் மருந்து கிடையாது, அதுதான் சீக்கு. அந்தக் காலத்துப் பொட்டியில டர்போன்னு ஒரு பொத்தான் இருக்கும். எதுக்குத் தெரியுமா? வேகத்தைக் குறைக்கதுக்கு. கம்ப்யூட்டர் ரொம்ப ஓடுனா டாஸ் விளையாட்டுல மனுசன் நடக்க மாட்டான், பறப்பான். வைஸ் சிட்டியிலேயே ஃபிரேம் லிமிட்டர்னு ஒரு சங்கதி வச்சிருக்கான். அதை அணைச்சுட்டு உன் புது மிஷின்ல ஓட்டிப் பாரு. கோளாறு ஒவ்வொண்ணா வெளிய வரும். அவன் முப்பது ஃபிரேமுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை அது. நீ நூத்து நாப்பத்து நாலு மானிட்டர் வாங்கிட்டு வந்து, தையக்காரனைத் திட்டுத.

அதெல்லாம் ஒமக்கு எப்படித் தாத்தா தெரியும்ங்கியா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பிரவுசிங் சென்டர் வச்சிருந்தவம்லே நான். மணிக்கு இருபது ரூபா. ஈமெயில் பாக்கணும் அண்ணாச்சின்னு பவ்யமா உள்ள போவானுவ. அஞ்சு நிமிசத்துல கேபினுக்குள்ள இருந்து துப்பாக்கிச் சத்தம் வரும். கவுன்டர் ஸ்ட்ரைக். ஒரு கேபின்ல சுட்டா அடுத்த கேபின்ல 'ஐயோ'ம்பான். நான் பாக்காத விளையாட்டா, நான் கழுவாத வைரஸா? சாமி, அந்த நியூ ஃபோல்டர் டாட் ஈஎக்ஸ்ஈ! பென் டிரைவைச் சொருகுனாப் போதும், ஆட்டோரன்ல ஏறி எல்லா மிஷின்லயும் சம்பந்தம் பண்ணிக்கிடும். விண்டோஸ் 7-லதான் பென் டிரைவுக்கு அந்த வாசலை அடைச்சான். அதுவரைக்கும் எனக்குப் பாதிச் சோலி வைரஸ் அடிக்கிறதுதான்.

சரி, கதைக்கு வா. 2011-ல அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பயலுவளுக்கு லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சுது. பொறவு ஊரெல்லாம் பென் டிரைவ் நடமாட்டம்தான். ஒரு பய மூச்சிரைக்க ஓடியாந்தான். "வைஸ் சிட்டி முழுசையும் கொண்டாந்துட்டேன், ஒரே விநாடியில காப்பி ஆயிட்டு"ன்னான். சொருகிப் பாத்தா என்ன இருக்கு? ஷார்ட்கட். டெஸ்க்டாப்புல கெடந்த ஐகானை இழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கான். ரெண்டு மூணு கே.பி. கூட இருக்காது. கேம் அங்கனயே கெடக்கு. யாரு அந்தப் பயங்கியா? உன் சித்தப்பன்தான். இன்னைக்கு பெங்களூர்ல ஐ.டி. கம்பெனியில டீம் லீடரு.

சிரிக்காதலே. நீ செய்யப் போறது மட்டும் என்னவாம்? அவன் ஐகானைத் தூக்குனான், நீ ஃபோல்டரைத் தூக்குத. அம்புட்டுதான் வித்தியாசம்.

நம்ம வி.ஏ.ஓ. கையில பட்டாக் கணக்கு இருக்குல்லா, அதே மாதிரி விண்டோஸ் கையில ரெஜிஸ்ட்ரின்னு ஒரு கணக்கு இருக்கு. நீ விளையாட்டை இன்ஸ்டால் பண்ணும்போதே, இன்னாரு, சி டிரைவு, புரோகிராம் ஃபைல்ஸ் தெரு, இன்ன வீடுன்னு அதுல பதிஞ்சுபோடும். பல விளையாட்டு எழுந்திரிச்சதும் முத சோலியா அந்தக் கணக்கைப் புரட்டும். 'நான் எந்த ஊருலய்யா குடியிருக்கேன்?'னு கேக்கும். நீ ஃபோல்டரை மட்டும் டிரைவுல போட்டுக்கிட்டு உன் மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டர்ல சொருகுனா, அந்த ஊரு வி.ஏ.ஓ.வுக்கு இவன் யாருன்னே தெரியாது. வீடு கண்ணு முன்னால நிக்கும், ஆனா பட்டா இல்ல. உடனே 'கேம் இன்ஸ்டால் ஆகலை, சிடியைப் போடு'ன்னு ஒரு பொட்டி வந்து நிக்கும். நீ டிரைவு கெட்டுப் போச்சுன்னு கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போவ.

அதுக்குத்தாம்லே சொல்லுதேன். இன்ஸ்டால் பண்ணும்போதே நேரா அந்த டிரைவுக்குள்ளயே பண்ணு. பொறவு ரெஜிஸ்ட்ரியில அந்த விளையாட்டோட பதிவை மட்டும் தேடி எடுத்து, எக்ஸ்போர்ட் போட்டு, ஒரு ரெக் ஃபைலா விளையாட்டுப் பக்கத்துலயே வை. அடுத்த கம்ப்யூட்டர் போனதும் அதை ரெண்டு தட்டுத் தட்டு, பட்டா பதிஞ்சிரும். ஒரு சூதானம். 64 பிட் விண்டோஸ்ல பழைய 32 பிட் ஆளுகளுக்குன்னு தனிப் பக்கம் ஒண்ணு உண்டு, வாவ்6432நோடுன்னு. பழைய எக்ஸ்.பி. மிஷின்ல எடுத்த பதிவைக் கையால தப்பான பக்கத்துல எழுதிட்டு, 'எல்லாஞ் சரியாத்தான செஞ்சேன்'னு ராத்திரி பூரா முழிச்சிருந்தவனை எல்லாம் எனக்குத் தெரியும்.

பட்டா சரி, கதவு நம்பரு? இன்னைக்கு டிரைவைச் சொருகுனா இ-ன்னு எழுத்து குடுக்கும். நாளைக்கு முன்னாலயே ஒரு பென் டிரைவ் சொருகிக் கெடந்தா உன்னுது எஃப். விளையாட்டு இ-யில போய்க் கதவத் தட்டும். அங்க உங்க அக்கா கல்யாண போட்டோ இருக்கும். இதுக்கு ஒரே வழிதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு விண்டோஸுக்குள்ளயே இருக்கு, காசு குடுத்து ஒண்ணும் வாங்க வேண்டாம். அதுல போய் உன் டிரைவுக்கு எக்ஸ்னோ ஒய்னோ கடைசியில இருக்க எழுத்தாப் பாத்துக் குடுத்துரு. அங்கன போட்டிக்கு ஆளு வராது. அந்தக் கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வச்சுக்கிடும். மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் ஒருக்கா இதே எழுத்தைக் குடுத்துரு. இம்புட்டுத்தான் சோலி. இதைச் சொல்லித்தர அரை மணி நேர வீடியோ போடுதானாம்லே ஒருத்தன், முத பத்து நிமிசம் அவன் புது மைக்கைப் பத்தியே பேசுதானாம்.

இப்போதான் மெய்யான கூத்து வருது. நீ வைஸ் சிட்டியை டிரைவுல வச்சாச்சு, வீட்டுல உக்காந்து ஆடியாச்சு. வெர்செட்டி மாளிகை வரைக்கும் பிடிச்சாச்சு. பெருமையா டிரைவைத் தூக்கிட்டு மச்சான் வீட்டுக்குப் போயி, லோடு கேம் அமுக்குனா? ஒண்ணும் இருக்காது. ஓஷன் வியூ ஹோட்டல்ல இருந்து மறுபடியும் ஆரம்பிக்கணும். மாளிகை எங்க போச்சு? எங்கயும் போகல. உன் வீட்டு சி டிரைவுல, டாகுமென்ட்ஸுக்குள்ள, வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல பத்திரமா உக்காந்திருக்கு. விளையாட்டு வெளியூரு போயிருக்கு, அது சம்பாதிச்ச சொத்தெல்லாம் பழைய வீட்டுலயே கெடக்கு. ரெண்டு டெராபைட்டு வாங்குனியே, சேவ் ஃபைல் எங்க விழுதுன்னு பாத்தியாலே?

இதுல இந்தக் காலத்துக் கூத்து வேற. ஒன்டிரைவ்னு ஒருத்தன் டாகுமென்ட்ஸைத் தூக்கிக் கிளவுடுல வச்சிருப்பான். சேவ் ஃபைல் வானத்துக்குப் போயிருக்கும். நீ பரண்ல தேடிக்கிட்டிருப்ப.

நம்ம கெட்டிக்காரப் பயலுவ ஜங்ஷன் போடுவானுவ. எம்.கே.லிங்க்னு ஒரு கட்டளை. சி டிரைவுல ஒரு பொய் ஃபோல்டர், உள்ள போனா நேரா எக்ஸ் டிரைவுல விழும். நல்ல வித்தைதான், இல்லைங்கல. ஆனா ஒரு நா டிரைவைச் சொருகாம இருந்தா அந்தக் கதவு பாழுங்கிணத்தப் பாத்துத் திறக்கும். அதுவும் போற எடத்துலெல்லாம் போடணும். வைஸ் சிட்டியில சேவுக்கு இருக்கது மொத்தம் எட்டு எடம். ஒவ்வொண்ணும் 200 கே.பி. சொச்சம். ஆடி முடிச்சதும் அந்த ஃபோல்டரைக் கையால டிரைவுக்குக் காப்பி பண்ணு, போன எடத்துல திரும்பக் காப்பி பண்ணு. கை இருக்குல்லா? ரொம்ப சோம்பேறியா இருந்தா ரெண்டு வரியில ஒரு பேட்ச் ஃபைல் எழுதிக்கோ. இதுக்கு எதுக்குலே சந்தா கட்டுற மென்பொருளு?

எல்லா விளையாட்டும் இப்படி இல்ல பாத்துக்கோ. சிலது நல்ல வளப்பு. 1999-ல வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ரெண்டு, சேவ் எல்லாத்தையும் தன் வீட்டுக்குள்ளயே சேவ்கேம்னு ஒரு ஃபோல்டர்ல வச்சுக்கிடும். வெளிய எடுத்துட்டுப் போனா கூடவே வரும். அதைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள வச்சாத்தான் சிக்கல். விஸ்டா காலத்துல இருந்து அந்தத் தெருவுல எழுத விண்டோஸ் விடுறதில்ல. எழுதுனதை வெர்ச்சுவல்ஸ்டோர்னு ஒரு மூலையில ஒளிச்சு வைக்கும். எக்ஸ் டிரைவுல வச்சா அந்தத் தொல்லை கிடையாது. ஆங், இந்த ஒரு விசயத்துல உன் டிரைவுக்கு நான் சபாஷ் போடுதேன். வாங்கிக்கோ.

இன்ஸ்டாலர்னு சொன்னேன்ல, அதுல ஒரு வேடிக்கை கேளு. நீ ரெண்டு டெராபைட்டு காலியா வச்சுக்கிட்டுப் பழைய சிடியைப் போடுத. அது எட்டிப் பாத்துட்டு என்ன சொல்லும்? "போதுமான இடம் இல்லை." கோட்டி பிடிச்சிரும் உனக்கு. அதுமேல தப்பில்லப்பா. அது பொறந்த நாளையில ரெண்டு ஜி.பி. டிஸ்க்னாலே ஊர் கூடி வந்து பாக்கும். அதுக்கு ரெண்டு ஜி.பி., மிஞ்சுனா நாலு ஜி.பி. வரைக்கும்தான் எண்ணத் தெரியும். 32 பிட்டுல எண்ணுதான், அதைத் தாண்டுனா கணக்கு புரண்டுபோயி கழித்தல்ல நிக்கும். உன் டிரைவு கடன்பட்டுக் கெடக்குன்னு அது நெனைச்சுக்கிடும்! இதுக்கு என்ன செய்ய? டிரைவுல ஒண்ணரை ஜி.பி.க்குக் குட்டியா ஒரு பார்ட்டிஷன் வெட்டி அதுல இன்ஸ்டால் பண்ணு. பாத்தியா, ரெண்டு டெராபைட்டு வாங்குனவன் கடைசியில ஒண்ணரை ஜி.பி.யில வந்து நிக்கான்.

சிலதுல இன்ஸ்டாலரே எந்திரிக்காது. விளையாட்டு 32 பிட்டுதான், ஆனா அதை இறக்கி வைக்க வந்த இன்ஸ்டாலர் 16 பிட்டு. 64 பிட் விண்டோஸ் 16 பிட்டை வாசல்லயே நிப்பாட்டிரும். மாப்பிள்ளை ரெடி, கார் டிரைவருக்கு லைசென்ஸ் இல்ல. பழைய மிஷின் ஒண்ணுல இன்ஸ்டால் பண்ணிக் கொண்டாந்துக்கோ.

டாஸ் விளையாட்டுன்னா கவலையே இல்ல. டேஞ்சரஸ் டேவ் ஞாபகம் இருக்கா? உனக்கு எங்க இருக்கும், உங்கப்பன்ட்ட கேளு. கம்ப்யூட்டர் லேப்ல சார் அந்தப் பக்கம் திரும்புனாப் போதும், டேவ் கோப்பையைத் தூக்கிட்டு ஓடுவான். ஜான் ரொமேரோ எழுதுனது. பின்னால டூம் செஞ்ச கூட்டத்துல ஒருத்தன். ஒத்த ஃபைலு, இருநூறு கே.பி.யைத் தாண்டாது. பட்டாவும் கேக்காது, டாகுமென்ட்ஸும் கேக்காது. ஆனா இன்னைக்கு விண்டோஸ்ல அதை ரெண்டு தட்டுத் தட்டுனா 'இது உன் கம்ப்யூட்டர்ல ஓடாது'ன்னு மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லும். இதுக்குத்தான் 2002-ல இருந்து டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஓசி. அதையும் டேவையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு டிரைவுல வை. அதோட கான்ஃபிக் ஃபைல்ல மவுண்ட்னு ஒரு வரி எழுதணும். அங்க பெரிய புத்திசாலி கணக்கா 'இ டிரைவு, கேம்ஸ் ஃபோல்டர்'னு விலாசம் எழுதிராத. ஒரு புள்ளி வை. வெறும் புள்ளி. 'நான் நிக்குற எடம்'னு அர்த்தம் அதுக்கு. பொறவு எந்த மிஷின், எந்த எழுத்துன்னாலும் அது நிக்குற எடத்துல நின்னே ஆடும். இந்தப் புள்ளியைத்தான் உன் வீடியோக்காரன் சொல்லாம விட்டுட்டான்.

பாட்டுக் கேம் ஒண்ணு சொல்லுதேன். 1996-ல வந்த க்வேக். ஃபோல்டரை அப்படியே தூக்கிட்டு வந்துட்டே. சுடுற சத்தம் வருது, உறுமுற சத்தம் வருது, பாட்டு மட்டும் வரல. சவுண்ட் கார்டு போச்சுன்னு புதுசு பாக்கக் கிளம்பிராத. அந்தப் பாட்டு ஃபோல்டர்லயே இல்லடா. ஆடியோ கேசட்டுக் கடையில விக்கிற சிடியில இருக்கும்ல, அந்த முறையிலேயே சிடியில டேட்டாவுக்கு அடுத்து வர்ற தடத்துல பதிஞ்சிருக்கான். விளையாட்டு ஓடும்போது சிடி டிரைவே பாட்டுப் பாடும். ஐ.எஸ்.ஓ. எடுத்தாலும் அது வராது, ஐ.எஸ்.ஓ.வுக்குள்ள டேட்டா மட்டும்தான் வரும். பின், கியூன்னு ரெண்டு ஃபைலா இமேஜ் எடுத்தாத்தான் பாட்டும் சேந்து வரும். அதைத் திறக்க விண்டோஸுக்கே தெரியாது, தனியா ஆளு வேணும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல இன்னொரு கூத்து உண்டு. விஸ்டா, ஏழு காலத்துல அதைத் திறந்தா புல்லு செவப்பா இருக்கும், தண்ணி ஊதாவா இருக்கும். எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணணுமோன்னு சந்தேகம் வந்துட்டு. 256 கலர் வச்சு வரைஞ்ச விளையாட்டு அது, அந்த 256-க்கும் விண்டோஸுக்கும் சண்டை. பயலுவ ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சானுவ. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரைக் கொன்னுட்டு விளையாட்டைத் தொடங்கு, புல்லு பச்சை ஆயிரும். வேலை செஞ்சுதுலே! இப்போ அம்புட்டுக் கொலையெல்லாம் வேண்டாம். டி-டிரா ரேப்பர்னு ஒரு டி.எல்.எல். இருக்கு, விளையாட்டுக்குப் பக்கத்துல போட்டாப் போதும். டிரைவுலயே கெடக்கும், போற எடத்துக்கெல்லாம் வரும். ஆனா ரைட் கிளிக் பண்ணி கம்பாட்டிபிலிட்டியில எக்ஸ்.பி.ன்னு டிக் அடிப்பேல்லா, அது வராது. அந்த டிக்கு அந்தந்தக் கம்ப்யூட்டரோட ரெஜிஸ்ட்ரியில கெடக்கும். விளையாட்டு டைரக்ட்பிளேன்னு ஒண்ணைக் கேட்டா அதையும் அங்கங்க விண்டோஸ்ல இறக்கிக்கிடணும்.

இம்புட்டையும் நான் சொல்லி முடிக்க, நீ என்ன கேக்க? "தாத்தா, சி.ஆர்.டி. ஷேடர் போடலாமா?" அட, கோட்டிக்காரா! அந்தக் காலத்துல கண்ணாடிக் குழாய் மானிட்டர் கோடு கோடா மினுக்கி எங்க கண்ணைத் தின்னுச்சு. தலைவலி மாத்திரை வச்சுக்கிட்டு வேல பாத்தோம். எல்.சி.டி. வந்தன்னைக்குத்தான் நிம்மதியா மூச்சு விட்டேன். நீ அரை லட்சம் குடுத்து 4கே மானிட்டர் வாங்கி, அது மேல கோடு வரைய ஒரு மென்பொருள் போடுத. பேரு 'அசல் அனுபவமாம்'. அசல் அனுபவம் வேணும்னா சொல்லு, நாலு ஆளு பின்னால நின்னு "லெஃப்ட்ல திரும்பு, லெஃப்ட்ல திரும்பு"ன்னு கத்த ஏற்பாடு பண்ணுதேன்.

உன் கூட்டாளி ஒருத்தன் பத்தாயிரம் கேம் ஏத்துன டிரைவுன்னு ஒண்ணு விலைக்கு வாங்கிட்டு வந்தானே. என்ன ஆடுதான்? அட்டைப்படம் அடுக்குதான். ஒவ்வொரு விளையாட்டுக்கும் படம் தேடி, வருசம் தேடி, கம்பெனி பேரு தேடி அலமாரி கட்டுதான். ஆறு மாசமா அலமாரிதான். எதையாவது ஆடுனியாலேன்னேன். "மெட்டாடேட்டா முடியட்டும் தாத்தா"ங்கான்.

புதுசாப் பூசி விக்கிறது மட்டும் என்ன வாழுதாம்? 2021 நவம்பர்ல வைஸ் சிட்டி உட்பட மூணு விளையாட்டை டெஃபினிட்டிவ் எடிஷன்னு வித்தான். கோளாறுன்னா கோளாறு, கம்பெனிக்காரனே ஒரு வாரத்துல வருத்தம் தெரிவிச்சு அறிக்கை விட்டான். நல்லா இருந்த பழசையும் அதுக்கு முன்னாலயே ஆன்லைன் கடையில இருந்து எடுத்திருந்தான். பொறவு கூப்பாடு கேட்டுத் திருப்பி வச்சான். தன் டிரைவுல பழசை வச்சிருந்தவன் மட்டும் சோலியப் பாத்துக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தான்.

ஒயரைக் காட்டு. இது போன் சார்ஜர் ஒயருல்லா? யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாத்தானாம். சார்ஜர் ஒயர்ல முக்காவாசி யு.எஸ்.பி. 2.0 வேகம்தான் போவும். உன் ஆயிரம் எம்.பி. இதுல முப்பது நாப்பதுதான். பரவால்ல, வைஸ் சிட்டிக்கு அதுவே போதும்னு முன்னாலயே சொன்னேன். சுத்துற டிஸ்க்கா இருந்தா முன்னால இருக்க ஓட்டையில சொருகாத, கரண்டு பத்தாம டிக் டிக்னு அழும். பின்னால சொருகு. சும்மா கெடந்தா தூங்கிப் போகும் அது. நீ கார்ல பறக்கும்போது முழிச்சு எந்திரிக்க அஞ்சு விநாடி எடுக்கும், அதுவரைக்கும் ரோடு வராது. பவர் செட்டிங்குல தூக்கத்தைக் கலைச்சு வை. சேவ் ஆகும்போது வெடுக்குன்னு பிடுங்கிராத. எஜெக்ட் பண்ண ஒரு கிளிக்குதான், விரல் தேஞ்சிராது.

பூட்டு சங்கதி ஒண்ணு பாக்கி. அந்தக் காலத்து அசல் சிடியில சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு போட்டிருந்தான். திருட்டு சிடிக்காரனைத் தடுக்க. அவன் என்னைக்குத் தடைபட்டான்? பர்மா பஜார்லயும் ரிச்சி ஸ்டிரீட்லயும் எவனும் பட்டினி கெடக்கல. 2015-ல விண்டோஸ் 10 வந்தப்போ அந்தப் பூட்டைத் திறக்குற டிரைவரையே மைக்ரோசாப்ட் எடுத்துட்டான், பாதுகாப்புக்கு ஓட்டைன்னு. அந்த வருசமே விஸ்டா, ஏழு, எட்டுலயும் அடைச்சான். இப்போ பாரு கூத்தை. காசு குடுத்து அசல் சிடி வாங்குன உத்தமன் வெளிய நிக்கான், ஓசியில ஆடுனவன் உள்ள ஆடுதான். இப்போ வாங்குறதா இருந்தா ஜி.ஓ.ஜி.ன்னு போலந்துக்காரன் கடை ஒண்ணு இருக்கு, 2008-ல இருந்து. பூட்டு இல்லாம விக்கான். இன்ஸ்டாலரை இறக்கி டிரைவுல போட்டுட்டா எவனையும் கேக்க வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஸ்டீம்ல வாங்குனா விளையாட்டை வெளி டிரைவுல வைக்கலாம்தான். ஆனா முக்காவாசி விளையாட்டுக்கு ஸ்டீம்காரன் கதவைத் திறக்கணும். அவனும் 2024 ஜனவரியோட விண்டோஸ் ஏழு, எட்டு ஆளுகளுக்குக் கை விரிச்சுட்டான். பழைய விளையாட்டைப் பழைய மிஷின்ல ஆடலாம்னு உக்காந்தவன் நெலமையப் பாரு.

உங்கப்பன் பீரோ மேல ரெக்சின் பவுச் ஒண்ணு கெடக்கும், ஜிப்பு பிஞ்சு போயி. அதுக்குள்ள அவன் வாங்குன அசல் சிடி நாலஞ்சு இருக்கும், எனக்குத் தெரியும், வாங்கும்போது நான்தான் கூடப் போனேன். பின்னால பூத்துப்போன சிடி ஒரு நா படிக்காமப் போயிரும். இன்னைக்கே இமேஜ் எடு, பாட்டு இருந்தா பின் கியூவா எடு. என்னது, லேப்டாப்புல சிடி டிரைவே இல்லையா? இருக்காதே, இப்போ எவன் வைக்கான். என் பழைய கடைச் சாமான்ல யு.எஸ்.பி. டிவிடி ரைட்டர் ஒண்ணு ஓடுற நெலமையில கெடக்கு. எடுத்துக்கோ, நல்லா ஓட்டு.

ஓசின்னு நெனைச்சியோ? மணிக்கு இருபது ரூபா. ஜிபே எனக்கும் இருக்குலே.